மூன்று நாள் தில்லி: ஆக்ராவைச் சேர்ப்பதா, விடுவதா?

தில்லியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பொங்கல் கழிந்ததும் ஊரிலிருந்து ஓர் அழைப்பு வந்துவிடும். குளிர் குறைந்திருக்குமா, வரலாமா, எத்தனை நாள் இருந்தால் ஊர் முழுவதையும் பார்க்கலாம் என்று கேட்பார்கள். இந்த ஆண்டு அழைத்தவர் மன்னார்குடியில் இருக்கும் என் அக்கா. பிப்ரவரி கடைசியில் அத்தானையும் பதினோரு வயதுப் பேரனையும் அழைத்துக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வருவதாகவும், சுற்றிப் பார்க்க முழுதாக மூன்று நாட்கள் இருப்பதாகவும் சொன்னார். அத்தானுக்கு அறுபத்தெட்டு வயது. முழங்கால் வலி உண்டு. மூன்று நாட்களுக்கு என்ன திட்டம் போடலாம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அக்காவே சொல்லிவிட்டார்: “ஏண்டா தம்பி, டெல்லி வரைக்கும் வந்துட்டு தாஜ்மகாலைப் பாக்காம போனா ஊர்ல என்ன கேப்பாங்க?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மன்னார்குடியிலிருந்து தில்லிக்கு இன்னொரு முறை எப்போது வருவார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் தில்லியின் மயூர் விகார் பகுதியில் குடியிருந்து இருபத்திரண்டு ஆண்டுகளாக விருந்தினர்களை அழைத்துச் சென்று கண்டதையெல்லாம் வைத்து, என் முன்னிருந்த வழிகளை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்த்தேன். இதே கேள்வியோடு இருக்கும் பிறருக்கும் பயன்படும் என்பதால் அதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் வழி, சுற்றுலா நிறுவனங்கள் அதிகம் விற்கும் ‘தங்க முக்கோணம்’, அதாவது தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் மூன்றையும் ஒரே மூச்சில் பார்ப்பது. தில்லியிலிருந்து ஆக்ரா இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆக்ராவிலிருந்து ஜெய்ப்பூர் ஏறத்தாழ 240. ஜெய்ப்பூரிலிருந்து தில்லி திரும்ப 270-க்கும் மேல். மூன்று நாட்களுக்குள் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போவதென்றால், விழித்திருக்கும் நேரத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் காருக்குள்ளேயே கழியும். 1727-இல் சவாய் ஜெய்சிங் திட்டமிட்டு எழுப்பிய ஜெய்ப்பூர், தனியாக இரண்டு நாட்கள் கேட்கும் ஊர். ஆம்பர் கோட்டையின் ஏற்றத்தை முழங்கால் வலியோடு அவசரமாக ஏறி இறங்குவது யாருக்கும் இன்பம் தராது. ஐந்தாறு நாட்கள் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். மூன்று நாட்கள் உள்ளவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

இரண்டாவது வழி, தில்லிக்கு இரண்டு நாளும் ஆக்ராவுக்கு ஒரு நாளும் ஒதுக்குவது. பெரும்பாலானவர்கள் தேர்ந்தெடுப்பது இதுதான். நானும் பல முறை இப்படித்தான் அனுப்பியிருக்கிறேன். இதில் வெற்றியும் தோல்வியும் எந்த வண்டியில் போகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதத்தில் என் மாமனாரையும் மாமியாரையும் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் ஒருநாள் பேருந்தில் ஏற்றிவிட்டேன். காலை ஆறு மணிக்குக் கிளம்பும் என்றார்கள். ஒவ்வோர் ஓட்டலாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நகரை விட்டு வெளியேறவே எட்டரை ஆயிற்று. வழியில் ஒரு தாபா, ஆக்ராவுக்குள் நுழைந்ததும் ஒரு பளிங்குக் கடை, அங்கே ஒரு மணி நேரம், அதன் பிறகு சாப்பாடு. தாஜ்மகாலின் வாசலை அடைந்தபோது மணி நாலரையைத் தாண்டிவிட்டது. டிசம்பரில் ஐந்தரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நாற்பது நிமிடத்தில் வெளியே வந்துவிட வேண்டும் என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். என் மாமியார் அன்றிரவு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபடியே, “பளிங்குத் தட்டைப் பாத்த நேரத்துல பாதி கூட தாஜ்மகாலைப் பாக்கலை” என்றார். அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது. விசாரிக்காமல் பணம் கட்டியவன் நான்தானே.

அதே பயணத்தை ரயிலில் செய்தால் கதை வேறு. ஹஸரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை எட்டு மணியளவில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ், மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை சென்று, நூறு நிமிடத்தில் ஆக்ரா கண்டோன்மெண்டில் இறக்கிவிடும். மாலையில் அதே வண்டியில் திரும்பலாம். புது தில்லியிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பும் போபால் சதாப்தியில் போனால், இன்னும் முன்னதாகவே, கூட்டம் சேர்வதற்குள் தாஜ்மகாலுக்குள் நுழைந்துவிடலாம். வெயில் ஏறாத காலை நேரத்தில் அந்த வெண்பளிங்கு நிற்கும் நிலைக்கும், நடுப்பகலில் கண் கூசும் நிலைக்கும் எவ்வளவோ வேறுபாடு உண்டு என்பதால், முடிந்தவர்களுக்கு நான் சதாப்தியையே பரிந்துரைப்பேன். இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். மும்தாஜின் கல்லறை இருக்கும் மையக் கட்டடத்துக்குள் போக 200 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சீட்டு மூன்று மணி நேரத்துக்கு மட்டுமே செல்லும் என்பதை மறந்துவிடக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகாலுக்கு விடுமுறை. கதிமானும் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை.

யமுனா விரைவுச் சாலையில் காரில் போவதும் ஒரு வழிதான். 165 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை 2012-இல் திறக்கப்பட்ட பிறகு பயணம் மிகவும் எளிதாகிவிட்டது. நான்கைந்து பேராகச் சேர்ந்தால் செலவும் கட்டுப்படும். ஆனால் டிசம்பர் பின்பாதியிலிருந்து ஜனவரி முடியும் வரை அதிகாலை மூடுபனியில் அந்தச் சாலையில் போக நான் யாரையும் அனுமதிப்பதில்லை. எதிரே நிற்கும் லாரி பத்தடி நெருங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தப் பனியில் ரயிலும் தாமதமாகும், தாஜ்மகாலும் சில காலைகளில் முழுதாக மறைந்துவிடும். எனவே குளிர் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் வருகிறவர்கள் ஆக்ரா ஆசையைக் கைவிடுவதே நல்லது.

இப்படி எல்லாம் சரியாக அமைந்தாலும் இரண்டாவது வழியில் ஓர் இழப்பு இருக்கிறது. மூன்று நாளில் ஒரு நாளை ஆக்ராவுக்குக் கொடுத்துவிட்டால், தில்லிக்கு மிஞ்சும் இரண்டு நாளில் ஏதோ ஒன்று விடுபட்டே தீரும். விடுபடுவது பெரும்பாலும் குதுப் வளாகம் இருக்கும் மெஹ்ரௌலி அல்லது ஹுமாயூன் கல்லறை. ஏனென்றால் செங்கோட்டை, இந்தியா கேட், அக்ஷர்தாம் ஆகிய மூன்றும் ஊரிலிருந்து வரும்போதே பட்டியலில் ஏறிவிட்ட பெயர்கள். ஆனால் என் அனுபவத்தில், ஊருக்குத் திரும்பிய பிறகும் விருந்தினர்கள் திரும்பத் திரும்பப் பேசுவது அந்த இரண்டு இடங்களைப் பற்றித்தான்.

குதுப் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். 73 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்த பிறகு மேலே ஏற அனுமதி இல்லை. நான் அழைத்துப் போகிறவர்களைக் கோபுரத்தடியில் அதிக நேரம் நிற்க விடுவதில்லை. பக்கத்திலுள்ள மசூதியின் தூண் வரிசைக்குள் கூட்டிச் சென்றுவிடுவேன். இருபத்தேழு கோயில்களின் கற்களைக் கொண்டு கட்டியதாக அதன் வாசல் கல்வெட்டே சொல்கிறது. ஒருமுறை என் பெரியம்மா ஒரு தூணருகே நின்று, அதில் செதுக்கியிருந்த சங்கிலியையும் அதன் நுனியில் தொங்கும் மணியையும் விரலால் தடவிப் பார்த்தார். மூக்குடைந்த ஓர் உருவம் அதற்கு மேலே இருந்தது. ஒன்றும் பேசாமல் அடுத்த தூணுக்குப் போனார்; அதிலும் அதே மணி, வேறொரு சிற்பியின் கையால். பத்துப் பன்னிரண்டு தூண்களை அப்படியே பார்த்துக்கொண்டு வந்தவர், முற்றத்தின் நடுவே நிற்கும் இரும்புத் தூணை அடைந்ததும் அதன் எதிரே உட்கார்ந்துவிட்டார். குப்தர் காலத்தில் உருவாக்கிய, ஆறு டன்னுக்கு மேல் எடையுள்ள அந்தத் தூண் ஆயிரத்து அறுநூறு ஆண்டு மழையையும் பனியையும் தாங்கி நிற்கிறது.

அதே வளாகத்தின் தென்புறத்தில் இருக்கும் அலாய் தர்வாசாவைத் தமிழர்கள் எவரும் தவறவிடக் கூடாது என்பது என் வேண்டுகோள். அலாவுதீன் கில்ஜி 1311-இல் எழுப்பிய வாயில் அது. அவனுடைய தளபதி மாலிக் காபூர் மதுரை வரை படையெடுத்து வந்து, கொள்ளையடித்த பொருளோடு தில்லி திரும்பியதும் அதே 1311-இல்தான். பள்ளிப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டு மறந்த செய்தி, அந்தச் செந்நிற வளைவின் கீழே நிற்கும்போது உடம்பில் உறைக்கிறது. சற்றுத் தள்ளி, குதுப்மினாரைப் போல இருமடங்கு உயரத்துக்கு எழுப்ப அவன் ஆசைப்பட்டு, முதல் நிலையோடு நின்றுபோன அலாய் மினார் கரடுமுரடாகக் கிடக்கிறது. பதினோரு வயதுப் பையனுக்கு இதைவிட நன்றாக வரலாற்றைச் சொல்லித் தரும் இடம் தில்லியில் இல்லை என்பேன்.

ஹுமாயூன் கல்லறைக்கும் செங்கோட்டைக்கும் இடையே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விக்கு என் விடையைப் பலர் ஏற்பதில்லை. ஆனாலும் நான் ஹுமாயூன் கல்லறையையே சொல்வேன். 1639-இல் ஷாஜகான் அடிக்கல் நாட்டி 1648-இல் முடித்த செங்கோட்டை, வெளியிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு கம்பீரமோ அவ்வளவு உள்ளே வெறுமை. 1857-க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். மிஞ்சியிருக்கும் திவானி காஸ் போன்ற மண்டபங்களை நெடுந்தூரம் நடந்துதான் பார்க்க வேண்டும். கோட்டைக்குள் நிழல் குறைவு. மாறாக, 1570 வாக்கில் ஹுமாயூனின் மனைவி முன்னின்று எழுப்பிய கல்லறை, ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது. நான்கு பகுதிகளாகப் பிரித்த தோட்டம், நடுவே உயர்ந்த மேடை, அதன்மேல் செந்நிறக் கல்லும் வெண்பளிங்கும் கலந்த குவிமாடம் என்று, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆக்ராவில் தொடங்கப்போகும் தாஜ்மகாலின் கரு அங்கேயே இருக்கிறது. கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் 1857 செப்டம்பரில் தஞ்சம் புகுந்து பிடிபட்டதும் இதே இடத்தில்தான். மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்தானவை. அத்தானைப் போன்றவர்கள் கீழேயே தோட்டத்துப் பெஞ்சில் இருக்கலாம். பக்கத்திலேயே சுந்தர் நர்சரி என்ற விரிந்த பூங்கா இருப்பதால், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளியோதரையையும் தயிர்ச்சாதத்தையும் அங்கே மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

செங்கோட்டைக்கும் நியாயம் செய்ய வேண்டும். நேதாஜியின் இந்தியத் தேசிய ராணுவத்தினர் மீது 1945-இல் வழக்கு நடந்த இடம் அது. கோட்டைக்குள் அதற்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மலேயாவிலும் பர்மாவிலும் அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம். மகளிர் படைக்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி சென்னையில் படித்தவர். குடும்பத்தில் யாரேனும் ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் செங்கோட்டை கட்டாயம். கோட்டையைவிட அதற்கு எதிரேயுள்ள சாந்தினி சௌக்கை நான் அதிகம் விரும்புகிறேன். பகலில் மோட்டார் வண்டிகளைத் தடை செய்துவிட்டதால் முன்பைவிட நிம்மதியாக நடக்கலாம். நடக்க முடியாதவர்களுக்குச் சைக்கிள் ரிக்ஷா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். லால் கிலா மெட்ரோ நிலையத்தில் இறங்கிவிட்டால் கோட்டை வாசல் அருகில்தான்.

மூன்றாவது வழியான மூன்று நாளும் தில்லியிலேயே இருப்பதன் வலிமை இங்கே தெளிவாகிறது. ஒரு நாள் தெற்கு, ஒரு நாள் பழைய தில்லி, ஒரு நாள் நடுநகர் என்று திசைவாரியாகப் பிரித்துக்கொண்டால், போக்குவரத்து நெரிசலில் நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அலைய வேண்டியதில்லை. தெற்கு நாளில் குதுப்பைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகல் ஓய்வுக்குப் பின் மாலையில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திருக்குப் போகலாம். 1973-இல் குடமுழுக்கு நடந்த அந்த முருகன் கோயிலின் குன்றில், அந்தி நேரத்தில் மயில் அகவும் ஓசையோடு திருப்புகழ் காதில் விழும்போது, மூன்று நாளாக இந்தி கேட்டுக் களைத்த ஊர்க்காரர்களின் முகம் மலர்வதை நான் ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன். நடுநகர் நாளில் ஹுமாயூன் கல்லறை, ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகம், மாலையில் இந்தியா கேட். அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண் சிலை வெறும் பத்து சென்டிமீட்டர் அளவு என்று தெரிந்ததும் எல்லோரும் வியப்பார்கள். அங்குள்ள சோழர் கால நடராசரை எங்கள் பக்கத்துக்காரர்கள் பார்க்கும் பார்வையே வேறு. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் கிழமையைப் பார்க்காமல் தேதி குறிக்கக் கூடாது. திங்கட்கிழமை செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில் நான்குக்கும் விடுமுறை. குதுப்பும் ஹுமாயூன் கல்லறையும் எல்லா நாளும் திறந்திருக்கும் என்பதால் திங்கட்கிழமையைத் தெற்கு நாளாக வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது. குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் முந்தைய நாட்களில் பாதுகாப்புக் கெடுபிடியால் செங்கோட்டைப் பக்கமும் கர்த்தவ்ய பாதைப் பக்கமும் வழிகள் அடைபடும். பருவத்தைப் பொறுத்தவரை பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிய இருக்கும் ஆறு வாரங்களுக்கு இணையாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது. கோடை விடுமுறைதான் வசதி என்று மே மாதத்தில் குழந்தைகளோடு வருகிறவர்கள் 45 டிகிரி வெயிலில் படும் பாட்டைப் பார்க்கவே மனம் பொறுக்காது. தீபாவளியை ஒட்டி வருகிறவர்களுக்கு நவம்பர்ப் புகை தொண்டையைப் பிடிக்கும்.

உறவினர் வீடு இல்லாதவர்கள் கரோல் பாக்கில் தங்குவது நல்லது. ரயில் நிலையத்துக்கு அருகிலிருக்கும் பகாட்கஞ்சில் வாடகை குறைவுதான். ஆனால் வயதானவர்களோடு அந்தச் சந்துகளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது சிரமம். கரோல் பாக்கில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் இருந்து வந்திருப்பதால் இட்லியும் காபியும் தேடி அலைய வேண்டாம். நீலவழி மெட்ரோவில் ராஜீவ் சௌக்குக்கும் அக்ஷர்தாமுக்கும் வண்டி மாறாமலே போகலாம்.

இவ்வளவையும் எடைபோட்ட பிறகும் அக்காவின் கேள்வி அப்படியே நின்றது. மூன்று நாளும் தில்லி என்று சொன்னால் தாஜ்மகால் போய்விடுகிறது. ஆக்ரா என்று சொன்னால் மெஹ்ரௌலியின் தூண்கள் போய்விடுகின்றன. விடை ரயில் அட்டவணையில் கிடைத்தது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கண்டோன்மெண்டில் நிற்கும் வண்டி. ஊருக்குத் திரும்பும் நாளில், இரவு ஒன்பது மணி வண்டிக்காகப் பகல் முழுவதும் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் எல்லா விருந்தினர்களும் செய்வது. அந்தப் பகலை ஆக்ராவுக்குக் கொடுத்தால் மூன்று நாள் தில்லியில் ஒரு மணி நேரமும் குறையாது. காலையில் கதிமானில் பெட்டிகளோடு கிளம்பி, ஆக்ரா நிலையத்தின் கிளோக் ரூமில் அவற்றை வைத்துவிட்டு, தாஜ்மகாலையும், ஷாஜகான் தன் கடைசி எட்டு ஆண்டுகளைச் சிறையில் கழித்த ஆக்ரா கோட்டையையும் பார்த்துவிட்டு, நள்ளிரவை நெருங்கி வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் அங்கிருந்தே ஏறிவிடலாம்.

வரும் வழியிலேயே ஆக்ராவில் இறங்கினால் என்ன என்று மருமகள் கேட்டாள். அதையும் யோசித்தேன். சென்னையிலிருந்து வரும் வண்டி விடியுமுன் ஆக்ராவைத் தொட்டுவிடும். இரண்டு இரவு ரயிலில் கழித்த களைப்போடு, குளிக்காமல், இருட்டில் மூட்டை முடிச்சோடு இறங்குவது அத்தானுக்கு ஆகாது. அத்துடன் ஹுமாயூன் கல்லறையை முதலில் பார்த்துவிட்டுத் தாஜ்மகாலுக்குப் போகும்போது கண்ணுக்குப் பிடிபடும் நுட்பம், முறை மாறினால் பிடிபடாது. திரும்பும் நாளில் ஆக்ரா என்பதிலும் ஒரு குறை உண்டு. சூரியன் மறைந்தபின் வண்டி வரும்வரை நான்கைந்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்காக நிலையத்துக்கு அருகில் அரைநாள் அறை ஒன்றை எடுத்துவிட்டேன். அத்தான் மாலையில் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். விமானத்தில் வந்து போகிறவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவர்கள் ஆக்ராவுக்கென்று நான்காவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்; இல்லையென்றால் தில்லியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெள்ளி இரவு சென்னையில் ஏறினால் ஞாயிறு காலை தில்லி. அன்று முழுவதும் வீட்டில் ஓய்வு. திங்கள் குதுப்பும் மலை மந்திரும், செவ்வாய் செங்கோட்டையும் சாந்தினி சௌக்கும், புதன் ஹுமாயூன் கல்லறையும் அருங்காட்சியகமும், வியாழன் ஆக்ரா. அக்கா முன்பே புது தில்லியிலிருந்து சென்னைக்குத் திரும்பும் சீட்டு எடுத்துவிட்டதால், ஏறும் நிலையத்தை ஆக்ரா கண்டோன்மெண்ட் என்று இணையத்தில் மாற்றச் சொன்னேன். மாற்றாமல் விட்டால் புது தில்லியில் ஆள் வரவில்லை என்று படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட வாய்ப்புண்டு. நேற்று இரவு மாற்றிவிட்டதாக அக்கா செய்தி அனுப்பினார். மூன்று பேருக்கும் ஒரே பெட்டியில் இடம், அத்தானுக்குக் கீழ்ப்படுக்கை.